அழுதவர் யார்?

புதுடெல்லியின் ராமகிருஷ்ணபுரத்தை முழுப் பெயரால் அழைப்பவர்கள் இன்று மிகக் குறைவு. பேருந்து நடத்துனர் முதல் அமைச்சக அதிகாரி வரை எல்லோருக்கும் அது ஆர்.கே.புரம்தான். மத்திய அரசு ஊழியர்களின் குடியிருப்புகள் நிறைந்த பகுதியாதலால் தமிழ், மலையாளம், வங்காளம், பஞ்சாபி என்று பல மொழிகள் அங்கே ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கும். அருகிலுள்ள குன்றின்மேல், தந்தைக்கு உபதேசித்த சுவாமிநாதன் கோயில் கொண்டிருக்கிறான். டெல்லித் தமிழர்களுக்கு அது மலை மந்திர்.

அப்பகுதியில் ஒரு டிசம்பர் மாலையில் ராமாயணச் சொற்பொழிவு நடந்துகொண்டிருந்தது. சீதையைக் காணாமல் ராமன் மரங்களையும் மான்களையும் பார்த்துப் புலம்பும் கட்டம். "இவையெல்லாம் பகவானின் லீலை. எல்லாம் அறிந்தவனுக்குச் சீதை இருக்கும் இடம் தெரியாதா என்ன?" என்று கூறிச் சொற்பொழிவாற்றிய துறவி அன்றைய பகுதியை நிறைவு செய்தார். கூட்டம் கலைந்த பிறகு ஓர் அம்மையார் அவரிடம் வந்து வணங்கினார். அந்த ஆண்டின் தொடக்கத்தில் தம் ஒரே மகனைப் பறிகொடுத்தவர் அவர்.

"சுவாமிஜி, ராமர் அழுதது லீலை என்கிறீர்கள். என் அழுகை லீலை இல்லையே. அப்படியானால் அவர் எனக்கு எப்படித் துணையாவார்?"

துறவி உடனே பதில் கூறவில்லை. அம்மையாருடன் துணைக்கு வந்திருந்த மாடிவீட்டுக்காரர், கோட்டயத்தைச் சேர்ந்த கிறிஸ்தவர், தயங்கியபடி சொன்னார்: "எங்கள் முன்னோர்கள் ஆயிரத்தைந்நூறு வருடங்களுக்கு முன்னால் இந்தக் கேள்வியில்தான் பிரிந்தார்கள், சுவாமிஜி. இன்றும் எங்கள் கட்டடத்தில் இருக்கும் நாலு மலையாளக் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை நாலு பள்ளிகளுக்குப் போகின்றன."

தேவாலயத்தை மலையாளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் 'பள்ளி' என்றே சொல்வார்கள். நாலு பள்ளிகளுக்கும் காரணம் இந்தக் கேள்வி மட்டுமல்ல. நிர்வாகம், வழக்கு, வழிபாட்டு மொழி என்று பிற்காலத்தில் சேர்ந்தவையே அதிகம். ஆயினும் வேர் எங்கே என்று தோண்டிப் போனால் அவர் சொன்ன இடத்தில்தான் போய் நிற்க வேண்டும்.

கல்லறையின் முன்

யோவான் நற்செய்தியின் 11-ஆம் அதிகாரத்தில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. ஜெருசலேமுக்கு அருகே பெத்தானியா என்ற சிற்றூர். அங்கே மார்த்தா, மரியா என்ற சகோதரிகள். அவர்களுடைய சகோதரன் லாசர் இயேசுவுக்கு மிகவும் பிரியமானவன். அவன் இறந்து நான்கு நாட்கள் ஆகிவிட்டன. இயேசு வருகிறார். மரியா அழுவதையும் உடன் வந்தவர்கள் அழுவதையும் பார்க்கிறார். அவரும் கண்ணீர் விடுகிறார். சற்று நேரத்தில் கல்லறையின் வாயிலை மூடிய கல்லை அகற்றச் சொல்லி, உரத்த குரலில் இறந்தவனைப் பெயர் சொல்லி அழைக்கிறார். அவன் வெளியே வருகிறான்.

இந்த வரிசையைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். அவனை எழுப்பப் போவதாகப் புறப்படும்போதே சீடர்களிடம் சொல்லிவிட்டுத்தான் இயேசு வருகிறார். இன்னும் சில நிமிடங்களில் உயிர்த்தெழப் போகிறவனுக்காக ஒருவர் ஏன் அழ வேண்டும்? அழுதவர் யார்? எழுப்பியவர் யார்? இருவரும் ஒருவர்தானா? கிறிஸ்தவத்தின் முதல் ஐந்து நூற்றாண்டுகளில் நிகழ்ந்த பெரும் வாதங்களை எல்லாம் இந்த ஒரு கல்லறையின் முன் நிறுத்திப் பார்க்கலாம். ஒவ்வொரு தரப்பும் இந்தக் கண்ணீருக்கு ஒரு பதிலைச் சொல்லியாக வேண்டியிருந்தது.

முதலில் எழுந்தவர்கள் தோற்றவாதிகள். கடவுள் பசியும் வலியும் உடைய சதையைத் தொடுவாரா? தொட மாட்டார். ஆகவே உடல் இருந்ததுபோல் தோன்றியது, அழுததுபோல் தோன்றியது, சிலுவையில் துன்புற்றதுபோல் தோன்றியது. உள்ளே ஒன்றும் நிகழவில்லை. இது கடவுளின் மேன்மையைக் காக்கும் பக்தியாகத்தான் தோன்றியது. ஆனால் இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அந்தியோக்கியாவின் ஆயர் இக்னேஷியஸ் காட்டு விலங்குகளுக்கு இரையாக்கப்படுவதற்காக ரோமுக்கு இழுத்துச் செல்லப்பட்டபோது, வழியில் எழுதிய கடிதங்களில் இந்தக் கொள்கையைக் கடுமையாக எதிர்த்தார். கிறிஸ்து துன்புற்றது வெறும் தோற்றமென்றால் நான் ஏன் இந்த விலங்குகளோடு கட்டப்பட்டிருக்கிறேன் என்பதே அவருடைய வாதம். நூலகத்தில் அமர்ந்து கேட்ட கேள்வி அல்ல இது. ஆர்.கே.புரத்து அம்மையாரின் கேள்விக்கு மிக அருகில் நிற்பது.

அடுத்து அலெக்சாந்திரியாவின் குருவான அரியுஸ். (இப்பெயருக்கும் 'ஆரியர்' என்ற சொல்லுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.) அழுதவர் மெய்யாகவே அழுதார் என்பதை அவர் ஏற்றார். ஆனால் அழக்கூடியவர் முழுமுதற் கடவுளாக இருக்க முடியாது. கடவுளால் படைக்கப்பட்ட, எல்லாப் படைப்புக்கும் முந்திய, மிக உயர்ந்த ஒருவராகத்தான் இருக்க வேண்டும் என்றார். 325-இல் பேரரசர் கான்ஸ்டன்டைன் நிசேயாவில் கூட்டிய சங்கம் இதை நிராகரித்து, மகன் தந்தையோடு ஒரே சாரம் உடையவர் என்று அறிவித்தது. 'ஒரே சாரம்', 'ஒத்த சாரம்' ஆகிய இரண்டுக்கும் கிரேக்கத்தில் ஓர் எழுத்துதான் வேறுபாடு. ஓர் எழுத்துக்காக உலகமே அடித்துக்கொண்டது என்று பிற்காலத்தவர் கேலி செய்தார்கள். 'உண்டு', 'உண்டா' என்பதற்கும் ஓர் எழுத்துதான் வேறுபாடு என்பதைக் கேலி செய்தவர்கள் நினைக்கவில்லை. நிசேயாவுக்குப் பிறகும் வாதம் ஓயவில்லை. சங்கத்தின் முடிவை விடாமல் காத்த அத்தனாசியுஸ் ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார். ரொட்டியின் விலையைக் கேட்டால் கடைக்காரர் தந்தை பெரியவரா மகன் பெரியவரா என்று உபதேசிக்கத் தொடங்கிவிடுகிறார் என்று நிஸ்ஸாவின் கிரெகோரி கான்ஸ்டாண்டிநோபிள் நகரத்தைப் பற்றிச் சலித்துக்கொண்டார். நம்மூரில் வடகலை, தென்கலை வாதம் திண்ணைகளுக்கு வந்த காலத்தை நினைத்துப் பார்ப்பவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

அப்பொல்லினாரிஸ் இன்னொரு வழியைக் கண்டார். கிறிஸ்துவுக்கு மனித உடல் உண்டு. ஆனால் மனித அறிவு இருக்க வேண்டிய இடத்தில் இறைவார்த்தை இருந்தது என்றார். அப்படியானால் கண்ணில் நீர் வந்தது, ஆனால் துக்கப்பட ஒரு மனித மனம் உள்ளே இல்லை. இதை 381-ஆம் ஆண்டுச் சங்கம் மறுத்தது. நசியான்ஸ் நகரத்துக் கிரெகோரி கூறிய காரணம் ஒரு வைத்தியரின் காரணத்தைப் போன்றது: கடவுள் எதை ஏற்றுக்கொள்ளவில்லையோ அது குணமாகவில்லை. மனிதனுடைய நோய் முக்கியமாக மனத்தில் இருக்கிறது. மனத்தை விட்டுவிட்டு உடலை மட்டும் ஏற்றவர் யாரைக் குணப்படுத்துவார்?

இதுவரை வாதம் ஒவ்வொரு பக்கமாகச் சரிந்து மீண்டது. மிகக் கடினமான பகுதி இனிமேல்தான் வருகிறது.

இரண்டு மாதக் குழந்தை

428-இல் நெஸ்டோரியஸ் கான்ஸ்டாண்டிநோபிளின் பேராயர் ஆனார். மரியாளை மக்கள் 'இறைவனைப் பெற்றவள்' என்று அழைத்து வந்தார்கள். நெஸ்டோரியஸுக்கு இது உறுத்தியது. கடவுளுக்குத் தொடக்கம் இல்லை. எனவே அவருக்குத் தாயும் இருக்க முடியாது. 'கிறிஸ்துவைப் பெற்றவள்' என்று சொல்லலாமே என்றார். இரண்டு மூன்று மாதக் குழந்தையைக் கடவுள் என்று அழைக்க மாட்டேன் என்று அவர் கூறியதாக எதிர்த்தரப்பினர் பரப்பினார்கள்.

கண்ணனுக்குத் தொட்டில் கட்டித் தாலாட்டுப் பாடிய பெரியாழ்வாரின் நாட்டில் பிறந்தவர்களுக்கு இதில் என்ன தயக்கம் என்று தோன்றலாம். ஆனால் நெஸ்டோரியஸின் கவலையையும் நாம் நேர்மையாகப் பார்க்க வேண்டும். மனிதத் தன்மை கடவுள் தன்மையில் கலந்து கரைந்துவிடக் கூடாது என்பதே அவருடைய அக்கறை. பெத்தானியாவில் அழுதது ஒரு மெய்யான மனிதர். அவருள் முழுமையாகக் குடிகொண்டிருந்த இறைவார்த்தை லாசரை எழுப்பியது. இவ்வாறு சொன்னால் கண்ணீரும் காக்கப்படுகிறது, கடவுளின் மாறாத தன்மையும் காக்கப்படுகிறது.

அலெக்சாந்திரியாவின் சிரில் இதை ஏற்கவில்லை. அப்படியானால் கடவுள் அழவில்லை. ஒரு நல்ல மனிதர் அழுதார், கடவுள் பக்கத்தில் இருந்தார் என்றுதான் ஆகும். அது போதாது என்றார் சிரில். அழுதவர் இறைவார்த்தையே, தாம் ஏற்றுக்கொண்ட சதையில், மனித மனத்தோடு அவரே அழுதார். கடவுள் தன் இயல்பில் துன்பப்படுவதில்லை. ஆனால் தனதாக்கிக்கொண்ட உடலில் வரும் துன்பத்தை வேறொருவருடையது என்று அவர் ஒதுக்கிவிடவும் இல்லை.

மகனை இழந்த தாய்க்கு இவ்விருவரில் யார் ஆறுதல் தருவார் என்று கேட்டால் சிரில் பக்கம்தான் சாயத் தோன்றும். ஆனால் சிரிலின் நடத்தை அவருடைய தத்துவத்தின் உயரத்தில் இல்லை. 431-இல் எபேசுவில் கூடிய சங்கத்தை, அந்தியோக்கியாவின் ஆயர்கள் வந்து சேர்வதற்கு முன்பே அவர் தொடங்கி, நெஸ்டோரியஸைப் பதவி நீக்கினார். சில நாட்களில் வந்த அந்தியோக்கியாவின் யோவான் தனியாக ஒரு கூட்டம் நடத்திச் சிரிலைப் பதவி நீக்கினார். பேரரசர் முதலில் இருவரையுமே காவலில் வைத்தார். பிறகு அலெக்சாந்திரியாவிலிருந்து அரண்மனை அதிகாரிகளுக்கு விலையுயர்ந்த பரிசுகள் போய்ச் சேர்ந்தன. சிரில் ஊர் திரும்பினார். நெஸ்டோரியஸ் இறுதியில் எகிப்தின் பாலைவனச் சோலைக்கு நாடு கடத்தப்பட்டார். அங்கே அவர் எழுதிய நூல் ஒன்றின் சிரியாக் மொழிபெயர்ப்பு, பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு கிடைத்து 1910-இல் அச்சானது. அதைப் படித்த அறிஞர்கள் பலர், நெஸ்டோரியஸ் மேல் சுமத்தப்பட்ட 'இரண்டு கிறிஸ்துகள்' என்ற கொள்கை உண்மையில் அவருடையதுதானா என்று ஐயுறத் தொடங்கினார்கள்.

பின்னர் அடுத்த பக்கம் சாய்ந்தது. கான்ஸ்டாண்டிநோபிளின் மடத்துத் தலைவர் யூட்டிகஸின் கருத்து, கடலில் விழுந்த துளிபோலக் கிறிஸ்துவின் மனிதத் தன்மை கரைந்துவிட்டது என்ற அளவுக்குப் போவதாக எதிரிகள் கண்டார்கள். அப்போது ரோமின் போப் லியோ 449-இல் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். அதில் அவர் எடுத்துக்காட்டாகக் கூறியது இதே பெத்தானியாவைத்தான். இறந்த நண்பனுக்காக இரங்கி அழுவது ஓர் இயல்புக்கு உரியது. கட்டளையால் அவனை எழுப்புவது இன்னோர் இயல்புக்கு உரியது. இரண்டும் ஒருவரிடமே உள்ளன.

451-இல் கால்சிதோனில் கூடிய பெருஞ்சங்கம் லியோவின் கடிதத்தை ஏற்று ஒரு சூத்திரத்தை வகுத்தது. ஒரே கிறிஸ்து, இரு இயல்புகளில். அவை கலவாமல், மாறாமல், பிரியாமல், விலகாமல் உள்ளன. கடவுள் தன்மையில் தந்தையோடும், மனிதத் தன்மையில் நம்மோடும், பாவம் தவிர எல்லாவற்றிலும், அவர் ஒன்றானவர். நான்கு சொற்களும் எதிர்மறைச் சொற்கள் என்பதைக் கவனிக்கலாம். எப்படி ஒன்றாயின என்று சங்கம் விளக்கவில்லை. எப்படியெல்லாம் சொல்லக் கூடாது என்று மட்டும் நான்கு பக்கமும் வேலி போட்டது. உபநிஷதத்தின் 'நேதி நேதி' பயின்றவர்கள் இந்த முறையின் நேர்மையை உணர்வார்கள்.

ஆனால் வேலிக்கு வெளியே நின்றவர்கள் பலர். லியோவின் வாக்கியத்தைக் கேட்ட எகிப்தியருக்கு, அழுதவர் ஒருவர், எழுப்பியவர் வேறொருவர் என்று நெஸ்டோரியஸே மீண்டும் பேசுவதுபோல் இருந்தது. கையெழுத்திட்டு ஊர் திரும்பினால் எங்களைக் கொன்றுவிடுவார்கள் என்று எகிப்திய ஆயர்கள் சிலர் சங்கத்தின் நடுவே விழுந்து மன்றாடினர். அவர்கள் அஞ்சியது வீணல்ல. சங்கத்தின் சார்பில் அலெக்சாந்திரியாவில் அமர்த்தப்பட்ட பேராயர் புரொத்தேரியஸை 457-இல் கூட்டம் அடித்துக் கொன்றது. எகிப்து, சிரியாவின் பெரும் பகுதி, ஆர்மீனியா, எத்தியோப்பியா ஆகியவற்றின் சபைகள் கால்சிதோனை ஏற்கவே இல்லை. எத்தியோப்பிய சபையின் பெயரிலேயே இன்றும் 'தெவாஹிதோ' என்ற சொல் உண்டு. 'ஒன்றாக்கப்பட்டது' என்று அதற்குப் பொருள். கிழக்கே பாரசீகத்தில் இருந்த சபையோ எபேசுவின் தீர்ப்பை ஏற்காமல், நெஸ்டோரியஸைத் தன் ஆசான்களில் ஒருவராகப் போற்றியது. இவ்வாறு கிறிஸ்தவக் கிழக்கு மூன்றாயிற்று.

சொற்களின் பங்கு

மொழிபெயர்ப்பில் ஈடுபட்ட எவருக்கும் இந்த வரலாற்றில் ஓர் இடம் வலிக்கும். சிரில் 'ஃபூசிஸ்' என்ற கிரேக்கச் சொல்லைப் பெரும்பாலும் 'உயிருள்ள ஒருவர்' என்ற பொருளில் ஆண்டார். ஆகவே அவருக்கு ஃபூசிஸ் ஒன்றுதான். லியோவின் லத்தீன் சொல் 'இயல்பு' என்ற பொருளில் நின்றது. ஆகவே அவருக்கு இரண்டு. பாரசீகத்தில் பேசப்பட்ட சிரியாக்கில் இயல்புக்கு 'கியானா', தனித்துவம் பெற்ற இயல்புக்கு 'க்னோமா', வெளிப்படும் ஆளுக்கு 'பர்சோபா' என்று மூன்று படிகள் இருந்தன. கிரேக்கத்தில் நடுப்படிக்குச் சரியான இணை இல்லை. ஒருவர் 'ஒன்று' என்றார், மற்றவர் 'இரண்டு' என்றார். எதை எண்ணுகிறோம் என்பதில் அவர்கள் முதலில் உடன்படவில்லை.

தமிழில் இந்தச் சிக்கல் சற்றே எளிதானது. பழைய தமிழ்க் கத்தோலிக்க ஞானோபதேச நூல்கள் தேவ சுபாவம், மனுஷ சுபாவம் என்று இரண்டையும், 'ஆள்' என்று ஒன்றையும் வைத்தன. கிறிஸ்துவிடம் சுபாவம் இரண்டு, ஆள் ஒன்று. 'ஆள்' என்ற நாட்டுப்புறச் சொல்லைப் பரம்பொருளுக்கு ஆளும் துணிவு பண்டிதர் எவருக்கும் வந்திருக்காது.

எல்லாம் சொற்குழப்பம்தான் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. சொற்களைத் திருத்திய பிறகும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. அதை நம் ஆசாரியர்களும் எதிர்கொண்டார்கள். கீதை பாஷ்யத்தின் முன்னுரையில் சங்கரர், பகவான் உடல் கொண்டவர் போலவும் பிறந்தவர் போலவும் காணப்படுகிறார் என்று 'போல' என்பதைச் சேர்த்தே எழுதுகிறார். ராமானுஜரோ நான்காம் அத்தியாயத்துக்கு உரை எழுதும்போது, பகவானின் பிறப்புகள் உண்மையானவை என்று வலியுறுத்துகிறார். ஆனால் அவருக்கும் அந்தத் திருமேனி கர்மத்தால் வந்ததன்று. நம் உடலைப் போன்ற பிரகிருதிப் பொருளாலும் ஆனதன்று. பாவம் தவிர எல்லாவற்றிலும் நம்மைப் போன்றவர் என்ற கால்சிதோன் வாக்கியத்தை வைணவ ஆசாரியர்கள் அப்படியே ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள். அவதாரம் பலமுறை நிகழ்வது. கிறிஸ்தவர்கள் கூறும் மனுவுருவாதல் ஒரே முறை நிகழ்ந்தது. இவ்வேறுபாடுகளை மழுப்பிவிட்டு எல்லாம் ஒன்றே என்று சொல்வது இரு தரப்புக்கும் செய்யும் மரியாதை ஆகாது.

ஆயினும் வால்மீகி ஓரிடத்தில் வாசகனைத் திடுக்கிட வைக்கிறார். சீதை அக்கினியில் புகுந்த பிறகு தேவர்கள் வந்து, நீ யார் தெரியுமா என்று ராமனிடம் கேட்கிறார்கள். தன்னைத் தசரதன் மகனான ஒரு மனிதனாகவே கருதுவதாக அவன் பதில் சொல்கிறான். பிரம்மாதான் அவனுக்கு அவன் யார் என்று எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. நடிப்பவன் இப்படிப் பேச மாட்டான். வெண்ணெய் திருடியதற்காக உரலோடு கட்டுண்டு ஏங்கிய கண்ணனை நினைத்து நம்மாழ்வார் ஆறு மாதம் மூர்ச்சித்துக் கிடந்தார் என்று வைணவ மரபு கூறுகிறது. கட்டுண்டது வேடிக்கை என்று ஆழ்வார் எண்ணியிருந்தால் மூர்ச்சைக்கு என்ன அவசியம்?

ஆர்.கே.புரத்துச் சொற்பொழிவு மறுநாளும் தொடர்ந்தது. ஜடாயுவை மடியில் கிடத்தி ராமன் அழும் கட்டம். துறவி அன்று 'லீலை' என்ற சொல்லை ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அம்மையார் வழக்கம்போல் இரண்டாவது வரிசையில் அமர்ந்திருந்தார்.

மலையாளக் கரையில்

கோட்டயத்துக்காரரின் முன்னோர்களிடம் திரும்புவோம். ஆறாம் நூற்றாண்டில் எழுதிய வணிகத் துறவி காஸ்மாஸ், மலையாளக் கரையில் கிறிஸ்தவர்கள் இருப்பதையும், மேற்குக் கரையின் கல்யாணில் பாரசீகத்திலிருந்து நியமிக்கப்பட்ட ஆயர் இருப்பதையும் குறிப்பிடுகிறார். ஆகவே கேரளக் கிறிஸ்தவர்கள் நெஸ்டோரியஸைப் போற்றிய பாரசீக சபையின் வழிபாட்டில் வளர்ந்தவர்கள். போர்த்துகீசியர் வந்த பிறகு, 1599 ஜூன் மாதத்தில் கோவாவின் பேராயர் மெனெசஸ் உதயம்பேரூரில் சங்கம் கூட்டினார். வழிபாட்டில் நெஸ்டோரியஸின் பெயர் நீக்கப்பட்டது. தவறானவை என்று கருதப்பட்ட சிரியாக் சுவடிகள் திருத்தப்பட்டன, பல எரிக்கப்பட்டன. எரிந்தவற்றில் என்னென்ன இருந்தன என்பதைச் சொல்ல இனி யாரும் இல்லை. இந்தியக் கிறிஸ்தவம் தனக்குத் தானே இழைக்காத, ஆனால் தான் சுமக்க நேர்ந்த பேரிழப்பு அது.

அந்தக் கசப்பு 1653 ஜனவரி 3 அன்று மட்டாஞ்சேரியில் கூனன் குரிசு சத்தியமாக வெடித்தது. சிலுவையில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு, இனி இயேசு சபைக் குருக்களுக்குக் கீழ்ப்படிய மாட்டோம் என்று மக்கள் சபதம் செய்தார்கள். 1665-இல் அந்தியோக்கிய மரபைச் சேர்ந்த மார் கிரெகோரியோஸ் அப்துல் ஜலீல் வந்தார். சபதம் செய்தவர்களில் ஒரு பகுதியினர் படிப்படியாக அவருடைய சபையோடு இணைந்தனர். இங்கேதான் வரலாறு விளையாடுகிறது. அந்தியோக்கிய சபை நெஸ்டோரியஸைச் சபிப்பது, கால்சிதோனையும் மறுப்பது. பாட்டனார் வழிபாட்டில் நினைவுகூர்ந்த பெயரை, அதே வீட்டில் பேரன் சாபத்தோடு உச்சரித்தான். நடுவே தந்தை, கால்சிதோனை ஏற்ற ரோமின் கீழ் இருந்தார். ஐந்தாம் நூற்றாண்டில் ஒருவரையொருவர் நாடு கடத்திய மூன்று தரப்புகளையும் ஒரே குடும்பம் மூன்று தலைமுறைகளில் கடந்துவிட்டது. அவர்கள் கவலைப்பட்டது தங்களுக்கு ஆயர் யார், வழிபாடு எந்த மொழியில் என்பதைப் பற்றித்தான்.

இருபதாம் நூற்றாண்டில் இந்த முடிச்சை அவிழ்க்க உட்கார்ந்தவர்களிலும் கேரளத்தார் முன்னின்றனர். 1964-இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில், கால்சிதோனை ஏற்ற கிழக்குச் சபைகளின் இறையியலாரும் ஏற்காதவர்களும் ஒரே மேசையில் அமர்ந்தார்கள். பிரிந்து பதினைந்து நூற்றாண்டுகளுக்குப் பிறகு, ஒருவர் மற்றவரிடம் ஒரே விசுவாசத்தைக் காண்பதாக அறிக்கையிட்டார்கள். அந்தச் சந்திப்பை நடத்தியதில் பெரும் பங்கு பால் வர்கீஸ் என்ற குருவுக்கு உண்டு. நிஸ்ஸாவின் கிரெகோரியின் தத்துவத்தில் ஆழ்ந்தவர். ரொட்டிக் கடைக்காரரின் உபதேசத்தைக் கேட்டுச் சலித்த அதே கிரெகோரிதான். பால் வர்கீஸ் பின்னர் பவுலோஸ் மார் கிரெகோரியோஸ் என்ற பெயரில், 1996-இல் மறையும் வரை மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையின் டெல்லி மெட்ரோபொலிட்டனாக இருந்தார். அதே சபையின் அறிஞர் வி.சி. சாமுவேல், கால்சிதோன் சங்கத்தை மறு ஆய்வு செய்து எழுதிய நூல் 1977-இல் சென்னையில் வெளியாயிற்று. 1994 நவம்பர் 11 அன்று போப் இரண்டாம் ஜான் பாலும் பாரசீக மரபின் கிழக்குச் சபைத் தலைவர் நான்காம் மார் தின்காவும் ஒரு கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டனர். மரியாளை 'கடவுளின் தாய்' என்பதும் 'கிறிஸ்துவின் தாய்' என்பதும் ஒரே விசுவாசத்தின் முறையான சொற்களே என்று அது ஏற்றது. எபேசுவிலிருந்து எண்ணினால் 1563 ஆண்டுகள்.

பறங்கிமலைக் கல்

இந்த வாதத்துக்குத் தமிழ்நாட்டில் ஒரு கற்சாட்சி உண்டு. சென்னைப் பறங்கிமலையின் உச்சியில் 1547-இல் போர்த்துகீசியர் தேவாலயத்துக்கு அடித்தளம் தோண்டியபோது, சிலுவை செதுக்கிய கல் ஒன்று கிடைத்தது. சிலுவையைச் சுற்றி வளைவாக எழுத்துகள். யாருக்கும் படிக்கத் தெரியவில்லை. உள்ளூர்ப் பண்டிதர் ஒருவரைக் கொண்டு அதைப் படிக்கச் செய்ததாகப் போர்த்துகீசியக் குறிப்புகள் கூறுகின்றன. கன்னியின் வயிற்றில் கடவுள் மனிதரானது முதல் புனித தோமையார் வருகை வரை ஒரு நீண்ட கதையை அவர் படித்துச் சொன்னாராம். கேட்க விரும்பியதையே அவர்கள் கேட்டார்கள்.

பின்னர் 1873-இல் ஆர்தர் பர்னெல் அந்த எழுத்து பாரசீகத்தின் பஹ்லவி என்று காட்டினார். தஞ்சை அரண்மனை வடமொழிச் சுவடிகளுக்குப் பட்டியல் தயாரித்த அதே பர்னெல்தான். சிலுவையில் துன்புற்றவர் யார், மெய்யான கிறிஸ்து யார், மேலே உள்ள கடவுள் யார் என்பதைப் பற்றிய ஒரு கோட்பாட்டு வாசகமாக அதை அவர் படித்தார். பாரசீக சபையின் கல் என்றால் இயல்புகளைப் பற்றித்தானே பேசும்? அறிஞர்கள் பலர் அந்தச் சில சொற்களில் ஐந்தாம் நூற்றாண்டின் சச்சரவைத் தேடினார்கள்.

1920-களின் இறுதியில் வின்க்வொர்த் என்ற அறிஞர் அதை வேறு விதமாகப் படித்தார். அதன் பிறகு வந்தவர்களும் பெரும்பாலும் அந்த வழியிலேயே சென்றனர். அந்த வாசகத்தில் ஒரு இயல்பும் இல்லை, இரண்டு இயல்புகளும் இல்லை. இந்தச் சிலுவையைச் செய்தவன், தன் பெயரையும் தகப்பன் பெயரையும் சொல்லி, தன்மேல் இரங்கும்படி கிறிஸ்துவிடம் கேட்கிறான். அவ்வளவுதான். இதே வாசகம் கோட்டயத்திலும் கேரளத்தின் வேறு சில பள்ளிகளிலும் உள்ள கற்களிலும் காணப்படுகிறது.

கேட்டவனின் பெயரை ஒருவர் அஃப்ராஸ் என்கிறார், இன்னொருவர் காப்ரியேல் என்கிறார். தகப்பன் பெயர் சகர்புக்த் என்பதில் பலர் ஒத்துப்போகிறார்கள். 'இரங்கும்' என்ற சொல்லில் அவர்களுக்குள் வேறுபாடு இல்லை.